சுருக்கம் சார்

சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டுக்கு மேல் குனிந்திருக்கிறார். இப்போது யாரும் உள்ளே வரக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது, தும்மினால் தொலைந்தோம். தட்டில் வெறும் தண்ணீர்தான் தெரியும். அதில் ஒரு படலம் மிதக்கிறது என்று அவர் சொல்கிறார், நாம் நம்பிக்கொள்ள வேண்டும். ஒரு காகிதத் துண்டைத் தண்ணீருக்குள் சாய்த்து இறக்கி, படலத்துக்கு அடியில் கொண்டுபோய், மெல்ல மேலே ஏந்துவார். "வாடா கண்ணு... வா வா... அவசரப்படாத... அப்படித்தான்." மூச்சைப் பிடித்துக்கொண்டே எப்படிப் பேசுகிறார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. படலம் ஒழுங்காக ஏறிவிட்டால் நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விடுவார். ஏறாவிட்டால் ஒரே ஒரு வார்த்தை: "சுருக்கம்." அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால், நாம்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று தோன்றும்.

எங்கள் ஆராய்ச்சிக் கட்டடம் முழுக்க அவருக்குச் சுருக்கம் சார் என்றே பெயர். அவருக்கும் தெரியும், கோபம் வராது. சட்டையைத் தானேதான் இஸ்திரி போடுவார், வேறு யார் போட்டாலும் பிடிக்காது. மேசை விரிப்பைக் கண்டால் உள்ளங்கையால் நீவிவிடுவார். பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைக்கூடப் பிரித்து, மடியில் வைத்து, நகத்தால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் குப்பையில் போடுவார். குப்பைக்குப் போகிற தாளுக்கு என்ன சார் அலங்காரம் என்று கேட்டால், "கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்பார்.

நான் அங்கே தட்டச்சு வேலை பார்க்கிறவள். பதினாறு வருடமாக இந்த ஆராய்ச்சிக்காரர்களின் கோழிக் கிறுக்கலையெல்லாம் கணினியில் ஏற்றுவது என் பாடு. விஞ்ஞானம் எனக்கு எட்டாது. ஆனால் கிராஃபீன் என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன், அத்தனை தடவை காதில் ஓதியிருக்கிறார். "பென்சில்ல எழுதுறோம்ல, அந்தக் கரி அடுக்கடுக்கா இருக்கும். அதுல ஒரே ஒரு அடுக்கைத் தனியா எடுத்தா அதான் இது. உயரம் ஒரே ஒரு அணுதான். இதைவிட மெல்லிசா ஒரு தாள் இருக்கவே முடியாது. ஆனா கெட்டின்னா அப்படியொரு கெட்டி. வளைச்சா வளையும், மின்சாரம் ஓடும்." சொல்லும்போது கண் பளபளக்கும். தன் பிள்ளையைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

செப்புத் தகட்டை உலைக்குள் வைத்து ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்றி, வாயுவைச் செலுத்தி, அதன்மேல் கரியை ஒற்றை அடுக்காகப் படியவிடுவார். மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு ஒன்று. பிறகு செம்பைத் தின்னும் திரவத்தில் மிதக்கவிட்டால் செம்பு கரைந்துபோய்ப் படலம் மட்டும் மிஞ்சும். அதைத் தண்ணீருக்கு மாற்றி, காகிதத்தில் ஏந்தி எடுத்து, மனிதத் தோலில் ஒட்டுவார். மிட்டாயோடு இனாமாக வருமே ஒட்டுப்படம், நனைத்துக் கையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளுமே, அதே காரியம்தான். காறை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு துண்டு, மயிரிழை மாதிரி கம்பி, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. இதயம் துடிப்பதை அது அலை அலையாக எழுதிக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் ஒட்டும் பிசுபிசுப்பு வில்லைகள் சிலருக்கு இரண்டே நாளில் தோலைப் புண்ணாக்கிவிடும். இது ஒட்டியிருப்பதே தெரியாது. "இதோட தூங்கலாம், வேலை பாக்கலாம், வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடலாம்" என்று என்னிடம் சொல்லித்தான் என் மேல் முதலில் ஒட்டினார்.

ஆமாம், எனக்கும் ஒட்டினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருபது பேருக்கு ஒட்டிப் பார்த்த சோதனையில் நான் ஏழாம் எண். இரண்டு நாள் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும், எந்த நேரத்தில் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். என்னுடைய அலையைப் பார்த்துவிட்டு, "தங்கமான அலைம்மா, ஒரு பிசிறு இல்ல" என்று பாராட்டினார். பாராட்டு எனக்கில்லை, படலத்துக்கு. அதிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் "வாங்க ஏழாம் நம்பர்" என்பார்.

பதினோராம் எண்ணுக்கு வரவேண்டிய ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. அந்த இடத்துக்குத் தன் மனைவியைக் கூட்டி வந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு மிஷின் போட்டுச் சட்டையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பவர். ஆய்வுக்கூடத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தார், கையில் ஒரு பிளாஸ்க் தேநீரோடு. படலம் மிதக்கிற தட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கா பன்னெண்டு வருஷம்? என்கிட்ட குடுத்திருந்தா ஓரம் மடிச்சு ஒரு தையல் போட்டுக் குடுத்திருப்பேனே" என்றார். "ஓரம் மடிச்சா ரெண்டு அடுக்காயிடும்மா" என்று இவர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அக்காவின் அலை சரியாக வரவில்லை. நாளுக்கு ஏழெட்டுத் தடவை, சீராக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று தாறுமாறாகக் குலுங்கிவிட்டுப் பிறகு ஒழுங்குக்கு வரும். அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு: அலை கெட்டால் படலத்தைப் பார். பன்னிரண்டு வருடமாக அலை கெட்ட போதெல்லாம் காரணம் படலமாகத்தான் இருந்தது. அதனால் இவர் படலத்தைப் பார்த்தார். "சுருக்கம் விழுந்திருக்கு" என்று உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்து ஒட்டினார். மறுபடியும் குலுங்கியது. தையல் மிஷினின் அதிர்வாக இருக்கும் என்று ஒரு நாள் முழுக்க மிஷினைத் தொடக்கூடாது என்றார். அக்கா தொடவில்லை. அப்போதும் குலுங்கியது. மூன்றாவது படலத்துக்காக நாலு நாள் உலையோடு மல்லுக்கட்டினார். அதிலும் அப்படியே.

மூன்றாவதை உரிக்க வந்த அன்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்: "படலம் நல்லாத்தான் இருக்கோ என்னமோ. ஆளுதான் சரியில்லையோ?"

"போம்மா. நீ இருக்கிற இருப்புக்கு இன்னும் நாப்பது வருஷம் மிஷின் மிதிப்ப."

மூன்று பேரும் சிரித்தோம். பதினோராம் எண்ணுக்கு எதிரே 'படலக் கோளாறு, கணக்கில் சேர்க்கவில்லை' என்று எழுதச் சொன்னார். தட்டச்சு செய்தது நான்தான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு முற்பகலில், மிஷினில் பாதி தைத்த சட்டைக் கையோடு அக்கா சாய்ந்துவிட்டார். துணி வாங்க வந்த பெண் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆள் கூப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாடி ஏதாவது அறிகுறி தெரிந்ததா என்று அங்கே கேட்டார்களாம். "ஒண்ணுமே இல்லையே, நல்லா இருந்தாளே" என்று இவர் சொல்லியிருக்கிறார். மனதறிந்து பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்போது அப்படித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு வேலைக்கு வந்தார், போனார். படலம் மிதக்கவிடுவதை நிறுத்திவிட்டார். பழைய கோப்புகளைத் துப்புரவு செய்கிறேன் என்று கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். சட்டையில் மட்டும் ஒரு மடிப்புக் கலையவில்லை. துக்கத்தை அவரவர் ஒரு விதமாகத் தாங்குகிறார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன மாதம் புதிதாக ஒரு பழக்கத்தைக் கண்டேன். எட்டு மணிக்கெல்லாம் கதவைத் திறக்கிற மனிதர் தினமும் ஒன்பதுக்கு வருகிறார். கால்சட்டை முழங்கால் வரை ஈரம். கிட்டே போனால் குளோரின் நெடி. எனக்குச் சும்மா இருக்க வராது. இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சார், இந்த வயசுல நீச்சலா?"

"பாப்பா கத்துக்குடுக்கிற குளத்துல போய் உக்காந்துட்டு வர்றேன்."

பாப்பா என்றால் அவருடைய ஒரே மகள். இருபத்து நாலு வயது. நகரத்து நீச்சல் குளத்தில் காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கிறாள். தாயைப் போலவே வாய்த்துடுக்கு, தாயைப் போலவே ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள்.

"உக்காந்துட்டு வர்ற ஆளுக்குக் கால் ஏன் நனையுது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு கணினியைத் திறந்து பதினோராம் எண்ணின் கோப்பை எடுத்துக் காட்டினார். மூன்று படலங்களின் அலைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"அழிக்கலாம்னுதான் திறந்தேன். பாருங்க. மூணும் வேற வேற படலம். வேற வேற நாள் செஞ்சது. மூணுலயும் ஒரே மாதிரி சுருக்கம் எப்படிம்மா விழும்?"

எனக்குக்கூடத் தெரிந்தது. மூன்று குலுங்கலும் அச்செடுத்தது போல இருந்தன.

அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒரு இதய டாக்டரிடம் போயிருக்கிறார். யாருடையது என்று சொல்லவில்லை. டாக்டர் அரை நிமிடம் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். "யார் இவங்க? இப்ப எங்க இருக்காங்க? உடனே கூட்டிட்டு வாங்க."

விஷயம் அதோடு முடியவில்லை. துடிப்பு திடீரென்று தடம் புரளும் இந்தக் கோளாறு பரம்பரையாக ரத்தத்தில் வருவதாம். பிள்ளைகளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பரிசோதிக்கும் வரை ஓடுவது, குதிப்பது கூடாது, முக்கியமாக நீந்தவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அது நடந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. மகளிடம் இவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார். உடம்பைச் சோதித்துக்கொள் என்று கெஞ்சியிருக்கிறார். "எனக்கென்னப்பா, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று அவள் சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் இவர் தினமும் காலையில் குளத்துக்குப் போய், படியில் கால்சட்டையோடு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறார். அவள் தலை உள்ளே போனால் வெளியே வரும் வரை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. பதினாறு வருடத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. "மனுஷனா சார் நீங்க? பெத்த பொண்ணு தினம் தண்ணில குதிக்கிறா, நீங்க படியில உக்காந்து எண்ணிட்டிருக்கீங்களா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?" என்று கத்திவிட்டேன்.

"எப்படித் தெரியும்னு கேப்பாளேம்மா." அவர் தலையைத் தூக்கவில்லை. "உங்க அம்மாவோட நெஞ்சு மூணு தடவை என்கிட்ட சொல்லுச்சு, நான் படலத்தை உரிச்சுப் போட்டேன்னு சொல்லணும். அதைச் சொல்லாம இதை எப்படிச் சொல்றது? எனக்கு மிஞ்சினது அவ ஒருத்திதான்."

கோபமாக வெளியே வந்தவள் நேராக என் அலமாரிக்குப் போனேன். பதினோராம் எண்ணின் நோட்டு இருந்தது. அக்காவின் கையெழுத்து, தையல் போட்ட மாதிரி நெருக்கமான எழுத்து. நேரம், செய்த வேலை, குறிப்பு என்று மூன்று கட்டம். மூன்றாம் நாள் பத்தே முக்கால் மணிக்கு எதிரே இப்படி எழுதியிருந்தார்: 'சும்மா உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு தடுக்கி விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. அவரிடம் சொல்லவில்லை, படலத்துக் கவலையில் இருக்கிறார்.' நான் கணினியில் ஏற்றியிருந்தது ஒரே சொல்: ஓய்வு. குறிப்புக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் எதையும் எழுதவில்லை, எழுதியவர்களும் தேநீர் ஆறிவிட்டது, பஸ் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதனால் அந்தக் கட்டத்தை ஏற்ற வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. எனக்கும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். இதை இங்கே எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "நானும்தான் சார்" என்றேன். படித்தார். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன், கண் அங்கேயே நின்றது. "அந்தக் கட்டம் வேண்டாம்னு சொன்னது நாந்தாம்மா. நீங்க அழாதீங்க" என்றார். அழவேண்டியவர் என்னைத் தேற்றினார்.

மறுநாள் அவர் குளத்துக்குப் போய் என்ன பேசினார் என்று எனக்கு அவர் சொன்ன அளவுதான் தெரியும். மகள் தலையில் ரப்பர் தொப்பியை மாட்டிக்கொண்டு குதிக்கத் தயாராக நின்றிருக்கிறாள். "இறங்காத" என்று கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பார்க்க முழுவதையும் சொல்லிவிட்டார்.

"என்ன சார் சொன்னா?"

"தொப்பியைக் கழட்டினா. கைய விடுங்கன்னா. விட்டேன். போயிட்டா."

எட்டு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. அவள் தன்பாட்டுக்குச் சமைத்து இவருக்கு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். பாதி தைத்த அந்தச் சட்டையை மிஷினிலிருந்து எடுத்துத் தன் அறையில் வைத்துக்கொண்டாளாம். ஆஸ்பத்திரிக்கும் தனியாகவே போயிருக்கிறாள். சட்டை இஸ்திரி போடாமல் இவர் வேலைக்கு வந்ததை அந்த எட்டு நாளில்தான் பார்த்தேன். யாரும் கிண்டல் பண்ணவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். அப்பா ஒரு கை தூரத்தில் நிற்கிறார், அவள் பார்வை என்னவோ என் மேல்தான்.

"அத்தை, எனக்கு ஒட்டணும். ஒரு நாள் எடுத்ததுல ஒண்ணும் தெரியலையாம். எப்பவாவது ஒரு தடவைதான் வருமாம், ரெண்டு வாரம் விடாம பாக்கணும்ங்கிறார் டாக்டர். அங்க ஒட்டினது தோலெல்லாம் கொப்புளம் போட்டுருச்சு." சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். சிவந்து கன்றிப் போயிருந்தது.

அவர் நேராகப் போய் உலையைப் பற்றவைத்தார். அக்கா போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. மறுநாள் தட்டின் முன்னால் குனிந்தார். முதல் படலம் கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது ஏறியது. "வாடா கண்ணு" என்ற பேச்செல்லாம் இல்லை. மகள் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் அருகே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில் இன்னொருவர் கை படவிடாத காரியத்தை என்னிடம் நீட்டினார். "நீங்க ஒட்டுங்கம்மா. நனைச்ச துணியால இருபது எண்ணுற வரைக்கும் அழுத்துங்க, போதும்." ஒட்டினேன். கம்பியை மாட்டினேன். திரையில் அலை ஓடத் தொடங்கியது.

எனக்குத் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு நிமிடம் ஒழுங்காக ஓடியது. இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் கோடு குலுங்கியது. "சார்!" என்றேன்.

அவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்டதும் திரும்பவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"என்னம்மா பண்ணுது உனக்கு?"

ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் வாய் திறந்தாள். "ஒண்ணும் பண்ணலப்பா. அழுகை வந்துச்சு. அடக்கினேன்."

திரையில் கோடு இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மகளின் முழங்காலில் தன் முழங்கால் இடிக்கிற அளவுக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.